அடுத்த மாசத்துப் பால்

கதவ முதுகால தள்ளித் தொறந்துக்கிட்டு நாச்சிமுத்து உள்ள போனதும், ஏசி காத்துக்கு முந்தி நாத்தந்தான் வந்து வாங்கன்னு கூப்புட்டுச்சு. காலைல இருந்து மூடுன கண்ணாடி ரூமுக்குள்ள அஞ்சு பேரு ஒருத்தரு விட்ட மூச்ச ஒருத்தரு இழுத்துக்கிட்டு உக்காந்திருந்தா வேற என்னுங்க வரும், மல்லியப்பூவா மணக்கும். செண்டு, வேர்வை, எவரோ காலைல தின்ன முட்டை போண்டா, ஷூவுக்குள்ள ஊறுன சாக்ஸு, எல்லாஞ் சேந்து ஒரு கொழம்பாட்டம் கெட்டியா நின்னுச்சு. டீ ஊத்தறவனுக்கு மூக்கே இருக்கக் கூடாது. இவனுக்கு இருந்துச்சு, அதும் நெம்ப நீளமா இருந்துச்சு, அதான் வெனை. ஒரு கைல பெரிய ஃப்ளாஸ்க்கு, இன்னொரு கைல தட்டு, தட்டு மேல சுடுதண்ணிக்கும் கருப்புக் காப்பிக்கும் ரெண்டு சின்ன ஃப்ளாஸ்க்கு, கப்பு, கப்புக்குள்ள பாத்திரங் கழுவற தங்கம்மா விட்டுப் போன சோப்பு வாசம். மேசைக்கு அந்தப் பக்கம் சின்னவரு, அதாவது கம்பெனி ஓனரோட பையன், இப்ப அவருதான் ஓனரு, பேனாவால மேசைய டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டு ஒரே ஒரு வார்த்தைய சொல்லிட்டு இருந்தாரு. லீக். ஹூ லீக்டு, ஹவ் இட் லீக்டு, ஃபைண்ட் த லீக். நாச்சிமுத்து கால் அங்கியே நின்னு போச்சு. பம்ப்பு கம்பெனில லீக்குங்கற வார்த்தை ஒரு நாளைக்கு நூறு தடவ காதுல விழும், கீழ டெஸ்ட்டு தொட்டில பம்ப்ப மாட்டி ஓட்டிப் பாத்து லீக்கு இருக்கா இல்லியான்னு பாக்கறதே ஒரு டிப்பார்ட்டுமெண்ட்டு. ஆனா மேல ஏசி ரூமுல லீக்குன்னா அது தண்ணி இல்ல, வாயின்னு அவனுக்குத் தெரியும். நேத்துப் பொழுதோட ஷிஃப்ட்டு முடிஞ்சதும் ஆளுக அத்தன பேரும் வீட்டுக்குப் போகாம வாசக் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு, கம்பெனிய மூடறீங்களாமே, நெசமான்னு கேட்டாங்க. மூடற விசயம் இந்த ரூமுல இருக்கற அஞ்சு பேத்தத் தவுத்து யாருக்குந் தெரியாதுன்னுதான் அவங்க நெனப்பு. அஞ்சு பேரு, அப்புறம் ஒரு ஃப்ளாஸ்க்கு. ஃப்ளாஸ்க்குக்குக் காது இருக்குதுன்னு அவங்க யாரும் நெனச்சுப் பாத்ததில்ல. அந்த ஃப்ளாஸ்க்குதான் இப்பத் தட்ட மேசைல வெச்சு ஊத்த ஆரம்பிச்சுது.

மொதல்ல சின்னவருக்கு. அவருக்கு மட்டும் தனி, பச்சை டீ, கப்புல சுடுதண்ணி, அதுக்குள்ள ஒரு சின்னப் பை, அந்தப் பைல இருந்து நூலு வெளிய தொங்கும், நூலு நுனில ஒரு காயிதம். தண்ணித் தொட்டில விழுந்து செத்த எலியோட வாலு வெளிய தொங்கற மாதிரியே இருக்கும். பத்து நிமிசங் கழிச்சு அந்தப் பைய ரெண்டு வெரல்ல புடிச்சு, பிழிஞ்சு, மூக்குக்கிட்ட கொண்டு போயி மோந்து பாத்துட்டு, பிஸ்கட்டுத் தட்டு மேலயே வெப்பாரு. அந்த எலிய எடுத்துப் போடறதுக்கு நாச்சிமுத்து. ஊத்துனான். ஊத்தறதுன்னா போர், அதும் இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டது. இந்த ரூமுல இருக்கற இங்கிலீசு பூராவும் தண்ணி இங்கிலீசு. நாலாங் கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு எப்புடி வெளங்குதுன்னா, அதெல்லாம் அவன் வேலை வார்த்தை. ஊத்தறது, சிந்தறது, வழியறது, ஒழுகறது, வத்தறது, கழுவி விடறது. ஆர்டரு போர் ஆகுதுன்னுவாங்க, ஆர்டரு எப்புடி ஊத்தும், எந்த ஃப்ளாஸ்க்குல இருந்து ஊத்தும். மார்க்கெட்டு ட்ரை ஆயிப்போச்சுன்னுவாங்க. பணம் ட்ரெயின் ஆகுதுன்னுவாங்க, ட்ரெயினுன்னா சாக்கடைதானுங்களே, சாக்கடைல பணம் போனா எறங்கி எடுக்க வேண்டியதுதானே, எடுக்கறதுக்குத்தான் வேற ஆளுகள வெச்சிருக்கீங்களே. மேல இருக்கற லாபம் ட்ரிக்கிள் ஆகி கீழ வருமுன்னு ஒரு தடவ இதே ரூமுல இருக்கற மேடம் சொன்னப்ப, நாச்சிமுத்து நெம்ப நேரம் அண்ணாந்து கூரையப் பாத்துட்டு நின்னான். கூரைல ஏசி தண்ணிதான் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. வெளிய வந்து, முன்னால மேசைல உக்காந்திருக்கற மோகனப்ரியாகிட்ட கேட்டான், அம்முணி, ட்ரிக்கிள்னா என்னம்மான்னு. அவ டைப்படிக்கறத நிறுத்தாமயே சொன்னா, "மேல இருக்கறவங்க குடிச்சுட்டு வாயத் தொடைக்காம விட்டா தாடைல வழியுமே, அதுதானுங்ண்ணா. அத நக்கிக்கச் சொல்றாங்க." சின்னவருக்கு ஊத்தறப்ப அது ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு வரப் பாத்துச்சு, வரல. லீக்குங்கற வார்த்தை மறுக்கா காதுல விழுந்ததும் சிரிப்பு செத்துப் போச்சு. அவ பேர எதுக்கு இப்ப நெனச்சான். பால நெனைக்கக் கூடாதுன்னுதான் அவள நெனச்சான். பால எதுக்கு நெனைக்கக் கூடாது. சும்மா இர்றா, கப்பப் பாத்து ஊத்து.

அடுத்து மேடம். பெங்களூர்ல இருந்து வந்து கம்பெனிய எப்புடி நடத்தறதுன்னு சொல்லித் தர்றவங்க, இப்ப எப்புடி மூடறதுன்னு சொல்லித் தர்றாங்க. கருப்புக் காப்பி, சக்கரை வேண்டாம், பாலு வேண்டாம். பாலு வேண்டாம், பாத்தீங்களா, எங்க சுத்துனாலும் அங்கதான் வந்து நிக்குது. அவங்க கப்புல ஒதட்டுச் சாயம் ஒட்டும், செவப்பா, ஒரு வாயி அப்படியே அந்தக் கப்ப விட்டுப் போக மனசில்லாம உக்காந்திருக்கற மாதிரி. தங்கம்மா நாரு போட்டுத் தேச்சாலும் போகாது, நகத்தால சொரண்டுவா, சொரண்டி அந்த நகத்தோடயே டிபன் பாக்ஸத் தொறந்து சோறு உண்ணுவா. ஒரு நாளு அதப் பாத்துட்டு நாச்சிமுத்து அன்னிக்கு மத்தியானம் சோறே உண்ணல. இந்த மேடம்தான் ஊஸுங்கற வார்த்தையக் கொண்டாந்தது. சேல்ஸு பாக்கற கோகுல்நாத்தப் பாத்து, உங்ககிட்ட இருந்து கான்ஃபிடன்ஸ் ஊஸ் ஆகணுமுன்னாங்க. அவரும் பெருமையாத் தலையாட்டுனாரு. நாச்சிமுத்துக்கு அது என்னமோ நல்ல வார்த்தைன்னு தோணிப்போச்சு, பன்னாட்டா, பந்தாவா நாலு பேருகிட்டச் சொல்லலாமுன்னு வெளிய வந்து அம்முணிகிட்டக் கேட்டான். அவ செத்த நேரம் யோசிச்சா. அப்புறம், "ஆறாத புண்ணு இருக்கு பாருங்க, அதுல இருந்து சீழ் கசியும், அதாட்டம்"ன்னா. அன்னில இருந்து அவனுக்குப் புடிச்சுது சனியன். கோகுல்நாத்துக்கு டீ ஊத்தப் போறப்பெல்லாம் அந்த வெள்ளைச் சட்டைல மாரு பக்கம், காலருக்குக் கீழ, அக்குளுக்கிட்ட, மஞ்சளா எதோ நனைஞ்சு பரவற மாதிரியே கண்ணுக்குத் தெரியும். பேசப் பேச நம்பிக்கை கசியும். இந்தா, இப்பக்கூட. கோகுல்நாத்து நாலு சக்கரை போடச் சொல்லி, பிஸ்கட்ட டீக்குள்ள முக்கி, முக்குன பிஸ்கட்டு பாதில அத்து விழுந்து, அத வெரலால தோண்டி எடுத்து வாயில போட்டு, வெரல மேசை ஓரத்துல தொடச்சாரு. தொடச்சுக்கிட்டே, ஆளுகளுக்குள்ள ஒரே பானிக்கு, ஒவ்வொரு டீலரும் ஃபோன் மேல ஃபோன், ஃபோனு ஃப்ளட் ஆகுதுன்னாரு. வெள்ளமாம். வெள்ளம் வந்தா இவரு மொதல்ல மெதக்க மாட்டாரு, இத்தன சக்கரைக்கு அடில போயி கெட்டியாப் படிஞ்சுக்குவாரு, அவரு கப்புல படியற அந்தப் பிஸ்கட்டுச் சேறு மாதிரி.

அப்புறம் அக்கவுண்ட்ஸு சதாசிவம். பெரியவரு காலத்து ஆளு. பெரியவருன்னா சின்னவரோட அப்பா, போயிச் சேந்து மூணாவது வருசம் நடக்குது. சதாசிவம் கப்புல குடிக்க மாட்டாரு, சாசர்ல ஊத்தி, ஊதி, மீசைய முன்னால விட்டு உறிஞ்சுவாரு. அந்தச் சத்தம் இருக்குது பாருங்க, எருமை சேத்துல இருந்து காலப் புடுங்கற மாதிரி. அதக் கேட்டா நாச்சிமுத்துக்கு முதுகுத் தண்டுல எறும்பு ஊரும். மீசைல பாலாடை ஒட்டிக்கிட்டு வெள்ளையா ஆடும், அத நாக்க நீட்டி உள்ள இழுப்பாரு. பாலாடை. இந்தத் தடவ தள்ளிவிட முடியல. பாலு வந்தே போச்சு. மொதல்ல பழைய பாலுதான் வந்துச்சு. நாச்சிமுத்து வேலைக்கு வந்த புதுசுல, பொங்கலுக்குக் கம்பெனி அஞ்சு நாளு லீவு வுட்டாங்க, இவன் பால்காரருகிட்ட வேண்டாமுன்னு சொல்ல மறந்து ஊருக்குப் போயிட்டான். பால்காரரு பாட்டுக்கு தெனமும் வந்து, வாட்ச்மேனுகிட்டக் குடுத்து, வாட்ச்மேனு பாட்டுக்கு சமையக்கட்டுல வெச்சு, திரும்பி வந்து கதவத் தொறந்தா, அடடா. அந்த நாத்தத்த எப்புடிச் சொல்றது. செத்த வாந்தி. திரிஞ்சு, தண்ணி தனியா கட்டி தனியா பிரிஞ்சு, கட்டி மேல பச்சப் பூசணம், மூடிய எடுத்ததும் உள்ள இருந்து புஸ்ஸுன்னு காத்து, கேனு ஓரத்துல நெளிஞ்சுக்கிட்டு வெள்ளையாப் புழு. கழுவி ஊத்தறதுக்குள்ள மூணு தடவ கக்குனான். பெரியவரு வந்து பாத்தாரு, வையவே இல்ல. மூக்கப் பொத்திக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "நாச்சி, வேண்டாங்கறப்ப முன்கூட்டியே வேண்டாமுன்னு சொல்லிப் போடோணும். பால வீணாக்குனவன் வெளங்க மாட்டான்." அதோட அது அவனுக்கு உடம்புல பச்சை குத்துன மாதிரி ஆயிப்போச்சு. லீவுன்னாச் சொல்லிடுவான், ஸ்ட்ரைக்குன்னாச் சொல்லிடுவான், யாரு வீட்டுலயாவது எழவு வுழுந்து கம்பெனிய ஒரு நாளு பூட்டுனாக்கூட, மாலை வாங்க ஓடறதுக்கு முந்தி பாலுக்குச் சொல்லிட்டுத்தான் ஓடுவான். இந்தக் கம்பெனில எத்தன பம்ப்பு செஞ்சாங்க, எத்தன பம்ப்பு வித்தாங்கன்னு கேட்டா அவனுக்குத் தெரியாது. ஒரு சொட்டுப் பாலு அவன் கைல கெட்டதில்லங்கறது மட்டுந் தெரியும்.

இப்பப் புதுப் பாலு வந்துச்சு. போன வாரம், இதே ரூமு, இதே அஞ்சு பேரு, இதே நாத்தம். சின்னவரு சொன்னாரு, இந்த மாசக் கடைசியோட பிளாண்ட்ட ஷட் பண்றோம், பம்ப்ப வடக்க இருந்து வாங்கி நம்ம பேர ஒட்டி வித்துக்கலாம், எடத்த ஃப்ளாட்டு கட்டறவங்க கேக்கறாங்க, கடைசி நாளு வரைக்கும் ஒரு வார்த்தை வெளிய ஸ்பில் ஆகக் கூடாது. நாச்சிமுத்து அப்ப இந்த மேடத்துக்குத்தான் ஊத்திக்கிட்டு இருந்தான். ஒரு சொட்டுக்கூட சிந்தல. அட, நம்ம பொழப்பு போகுதேன்னுகூட மொதல்ல தோணல, ஏன்னா அன்னிக்கே சின்னவரு அவன் தோளத் தட்டி, நாச்சி, உன்னய விட மாட்டேன், நீ நம்ம வீட்டுக்கு வந்துருன்னு சொல்லிப் போட்டாரு. அவனுக்குத் தோணுனது ஒண்ணே ஒண்ணு. மாசக் கடைசின்னா அடுத்த மாசம் பாலு வேண்டாம். வெளிய வந்தான், பின்னால சமையக்கட்டு வாசல்ல பால்கார ரங்கண்ணன் டிவிஎஸ் ஃபிஃப்டி வண்டிய நிறுத்திக் கேன எறக்கிக்கிட்டு இருந்தாரு, இவன் வழக்கம் போல வாயத் தொறந்து, அண்ணா, அடுத்த மாசத்துல இருந்து பாலு வேண்டாமுங்கன்னு சொன்னான். ரங்கண்ணன் லீவான்னு கேட்டாரு. லீவெல்லாம் இல்லீங்க, மொத்தமாவே வேண்டாமுன்னான். அம்புட்டுத்தான். ரகசியமுன்னே அவன் நெனைக்கல. ரகசியங்கறது பேச்சு, இது பாலு. பேச்சுக்குத்தானே வாயக் கட்டோணும், பாலுக்கு எதுக்குக் கட்டோணும். ஆனா பாலு எங்கெல்லாம் போகுது பாருங்க. ரங்கண்ணனோட மச்சான் கீழ பம்ப்பு பூட்டற அசெம்ப்ளில இருக்கறான். தெனமும் நாலு கேனு பாலு வாங்கற கம்பெனி மொத்தமா வேண்டாமுன்னா என்ன அர்த்தமுன்னு அவன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுருக்கறான், பொண்டாட்டி எடுத்ததும் சொல்லிருக்கறா, வேற என்ன, மூடறாங்கன்னு. இங்கிலீசே தேவப்படல. நேத்துக் கேட்டுக்கிட்ட ஆளுக நின்னப்ப அதுல ஒருத்தன் கத்துனது காதுல விழுந்துச்சு, பாலையே நிறுத்திட்டாங்கடான்னு. அப்பத்தான் நாச்சிமுத்துக்கு விளங்குச்சு. ராத்திரியெல்லாம் நாக்கு மேல புளிச்ச பாலு ஒட்டுன மாதிரியே இருந்துச்சு, காலைல வேப்பங்குச்சில வழிச்சு வழிச்சுத் துப்புனான், போகல. இன்னும் இருக்குது. இப்ப எச்சில முழுங்கறப்பக்கூட இருக்குது.

கடைசியா பிரசன்னா. ஆளுகளச் சேக்கறதுக்கும் தொரத்தறதுக்கும் உள்ள ஆபீசரு. சின்ன வயசு, வாயில எப்பவும் சூயிங் கம்முங்கற சவ்வு முட்டாயி, டீ வந்ததும் அத எடுத்து கப்புக்கு வெளிப்பக்கம் அப்புவாரு, குடிச்சு முடிச்சுட்டு மறுக்கா எடுத்து வாயில போட்டுக்குவாரு. போன தடவ போட்டுக்க மறந்துட்டாரு, நாச்சிமுத்து அத விரல்ல தொட்டுட்டான், அந்த விரல வெட்டி வீசிடலாமான்னு இருந்துச்சு. பாதி கப்பு போதுமுன்னு கையக் காட்டிட்டு அவரு சொன்னாரு, சார், லீக்கு எங்கன்னு எனக்குத் தெரியும், மோகனப்ரியா. மீட்டிங் மினிட்ஸு டைப் பண்றது அவதான், அவ சித்தப்பா கீழ மோல்டிங்ல இருக்கறாரு. இன்னிக்கே ஃப்ளஷ் பண்ணிடலாம், ஃபேக்டரில ஒரு பயம் இருக்கும். ஃப்ளஷ். அதுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கத் தேவையில்ல, அது எல்லாக் கக்கூஸுலயும் எழுதியே இருக்குது.  ஃப்ளாஸ்க்கு வாயில இருந்து ஒரு சொட்டு மேசைல விழுந்துச்சு, வட்டமா, பழுப்பா. யாரும் பாக்கல. சின்னவரு கண்ணாடி வழியா வெளிய பாத்தாரு, எல்லாரும் பாத்தாங்க. அவ அங்க உக்காந்து ஃபோன தோளுல இடுக்கிக்கிட்டு யாருக்கோ, ஆமாங்க, சார் மீட்டிங்ல இருக்காருங்க, லைன்ல இருங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. உள்ள பாக்கறாங்கன்னு தெரிஞ்சதும் பொழுதன்னிக்கும் சிரிக்கற மாதிரியே சிரிச்சா. அஞ்சு பேத்துல ஒருத்தரு பதிலுக்குச் சிரிச்சாரு, யாருன்னா, பிரசன்னா. நாச்சிமுத்துக்கு அந்தச் சிரிப்பப் பாத்ததும்தான் நெசமாவே வாந்தி மேல வந்துச்சு. சீழு, சேறு, எலி, மீசை, சவ்வு முட்டாயி, இதெல்லாம் தாங்கிக்கலாம் போல. தொரத்தப் போறவளப் பாத்து சிரிக்கற அந்தப் பல்லு, அதுல ஒட்டியிருக்கற டீத் தண்ணி, அதத்தான் தாங்க முடியல.

சரி, சொல்லிடு. சொன்னா என்ன ஆகும். சின்னவரு வீட்டு வேலை போகும். வீட்டு வேலை போனா இந்த வயசுல எவன் கூப்புட்டு ஃப்ளாஸ்க்கக் கைல குடுப்பான். பொண்டாட்டி காளியாத்தா நேத்தே பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்துட்டா, இனி அவரு மொதலாளி வீட்டுலயே இருப்பாரு, கார்லதான் வருவாரு போவாருன்னு. கார்ல இல்லடி, நடந்துன்னான், கேக்கல. சொல்லாம இருந்தா என்ன ஆகும். ஒண்ணும் ஆகாது. யாரும் கேக்க மாட்டாங்க, ஃப்ளாஸ்க்க யாரு கேப்பா. கப்ப எடுத்துக்கிட்டு வெளிய போலாம், அவ மேசைய தாண்டித்தான் போகோணும், அவ என்னுங்ண்ணா மூஞ்சி ஏன் இப்புடின்னு கேப்பா, ஒண்ணுமில்ல அம்முணின்னு சொல்லிட்டுப் போலாம், அப்புறம் அவளக் கூப்புடுவாங்க, அவ உள்ள போவா, வெளிய வர்றப்ப மூஞ்சி எப்புடி இருக்கும். அந்த மூஞ்சியத் தெனமும் வீட்டுல, மொதலாளி வீட்டு டீக் கப்புல பாக்கோணும். பேரு கெட்டுப்போன புள்ளய எந்த ஆபீசுல உள்ள விடுவாங்க, வாயத் தொறந்தா வழியற புள்ளன்னு பேரு வெச்சா அது நகத்துல சொரண்டுனாலும் போகாத சாயம். அவ என்ன சொன்னா, எதையுமே வெளிய சொல்லல, எனக்கு வார்த்தைக்கு அர்த்தஞ் சொன்னா, அம்புட்டுத்தான். ஒழுகுனது நானு. நான்கூட இல்லீங்க, பாலு. பாலாலதான் வந்துச்சு. நான் பாலுக்குத்தானே சொன்னேன். இப்புடியே சுத்திச் சுத்தி வந்துச்சு அவனுக்கு, கீழ இருக்கற டெஸ்ட்டுத் தொட்டி மாதிரி. அந்தத் தொட்டியப் பாத்திருக்கறீங்களா, பம்ப்பு அடில இருந்து தண்ணிய உறிஞ்சி மேல தள்ளும், மேல போன தண்ணி அதே தொட்டில விழும், மறுக்கா உறிஞ்சும், மறுக்கா விழும், அதே தண்ணி, வருசக் கணக்கா அதே தண்ணி, பச்சையாப் பாசி கட்டி, கிரீஸு மெதந்து, கைய விட்டா வழுவழுன்னு எவனோ மூக்கச் சிந்துன மாதிரி. தண்ணி எங்கியும் போகாது, ஆனா மீட்டரு மட்டும் ஓடும், ஓட்டம் நல்லாருக்குதுன்னு சீலு குத்தி அனுப்புவாங்க. இவன் மண்டைக்குள்ளயும் அப்புடித்தான் ஓடுச்சு, சொல்லு, சொல்லாத, சொல்லு, சொல்லாத, மீட்டரு நல்லா ஓடுச்சு, ஒரு சொட்டு வெளிய வரல.

கப்ப எடுக்கற நேரம். கழுவறதுக்கு முந்தி மிச்சத்தையெல்லாம் ஒரே வாளில கொட்டறதுதான் அவன் பழக்கம், வாளி கதவுக்குப் பின்னால இருக்கும். எலியப் போட்டான். ஒதட்டுச் சாயம் பட்ட காப்பியக் கொட்டுனான். பிஸ்கட்டுச் சேத்தக் கவுத்தான், அது வுழுகாம ஒட்டிக்கிட்டு, தட்டுனதுக்கு அப்புறம் பொத்துன்னு வுழுந்துச்சு. சாசர்ல மீசைல இருந்து சொட்டுன மிச்சம். பிரசன்னா இன்னிக்கும் மறந்துட்ட சவ்வு முட்டாயி. வாளிக்குள்ள எட்டிப் பாத்தான். பச்சையும் கருப்பும் பழுப்பும் ஒண்ணோட ஒண்ணு கலந்து, மேல ஆடை மாதிரி என்னமோ மெதந்துச்சு. அஞ்சு வாயோட எச்சியும் அதுல இருக்குது. அதுக்குள்ள எம்பட எச்சி ஒண்ணுதான் இல்ல, நான் இங்க ஒரு நாளும் டீ குடிச்சதில்லன்னு நெனச்சான். நெனச்ச மறுகணமே அது பொய்யுன்னு பட்டுச்சு. அதுல எம்பட எச்சியும் இருக்குது, நேத்துல இருந்து நாக்குல ஒட்டியிருக்கற புளிச்ச பாலு இருக்குது, நான் வாயத் தொறக்காம இருக்கற ஒவ்வொரு நிமிசமும் அது இந்த வாளிக்குள்ளதான் சொட்டுது. பின்னால பிரசன்னா சொல்லிக்கிட்டு இருந்தாரு, கூப்புடட்டுங்களா சார். சின்னவரு, ம், கூப்புடுன்னாரு. கோகுல்நாத்து ஏப்பம் விட்டாரு. பிரசன்னா கண்ணாடிய விரலால தட்டி, அவளப் பாத்து, வா வான்னு கையக் காட்டுனாரு, கோழிக் குஞ்சக் கூப்புடற மாதிரி. அவ ஃபோன வெச்சுட்டு எழுந்திருச்சு, துப்பட்டாவச் சரி பண்ணிக்கிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்து வந்தா. கொல்லப் பக்கம் டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நிக்கற சத்தமும் அப்பத்தான் கேட்டுச்சு. ரங்கண்ணன். தெனமும் இந்த நேரம்.

நாச்சிமுத்து திரும்புனான். வாளியக் கீழ வெக்கல, கைலயே புடிச்சிருந்தான். சாருன்னு கூப்புட்டான். இந்த ரூமுக்குள்ள அவனா வாயத் தொறந்து கூப்புட்டது இதுதான் மொதத் தடவ. யாரும் கேக்கல. மறுபடியும் சாருங்கன்னான். சதாசிவம் மட்டும் கணக்கு நோட்டுல இருந்து தலையத் தூக்குனாரு. சின்னவரு என்ன நாச்சி, சக்கரையான்னாரு.

"சக்கரை இல்லீங்க சார். பாலு. போன வாரம் நீங்க மூடறோமுன்னு சொன்னதுங்காட்டி, அடுத்த மாசத்துல இருந்து பாலு வேண்டாமுன்னு ரங்கண்ணங்கிட்டச் சொல்லிப் போட்டேனுங்க. பெரியவரு காலத்துல இருந்து அதானுங்க பழக்கம். அவரு இப்பக் கொல்லப் பக்கம் வந்து நிக்கறாருங்க. அடுத்த மாசத்துக்குப் பாலு சொல்லட்டுங்களா, வேண்டாமுங்களா?"

சின்னவரு கைல பேனா நின்னு போச்சு. மேடத்துக்குத் தமிழு பாதிதான் தெரியும், பாதி போதுமா இருந்துச்சு. பிரசன்னா வா வான்னு கூப்புட்ட கைய எறக்கிட்டாரு. சதாசிவம் கணக்கு நோட்ட மெதுவா மூடுனாரு, மீசைல ஆடை தொங்குச்சு, நாக்க நீட்டல. கதவத் தொறந்துக்கிட்டு மோகனப்ரியா உள்ள வந்து, சாருன்னு நின்னா, எல்லாரும் அவளப் பாக்காம நாச்சிமுத்துவப் பாக்கறதப் பாத்துட்டு அவளும் அவனப் பாத்தா. யாரும் ஒரு வார்த்தை இங்கிலீசு பேசல. வேண்டாமுன்னா அந்த வேண்டாம் ரங்கண்ணனோட டிவிஎஸ்ல ஏறி மத்தியானத்துக்குள்ள அசெம்ப்ளிக்குப் போயிரும், வேணுமுன்னா மூடலன்னு வாக்குக் குடுத்ததா அதும் அப்புடியே போகும், அது அந்த அஞ்சு மூஞ்சிலயும் ஒண்ணு மாத்தி ஒண்ணாத் தெரிஞ்சுச்சு. நாச்சிமுத்து கைல இருந்த வாளிக்குள்ள தண்ணி வளையம் வளையமா ஆடுச்சு, ஆனா நாக்கு, ஆச்சரியமா, சுத்தமா இருந்துச்சு. எச்சில முழுங்கிப் பாத்தான், புளிப்பு இல்ல. கொல்லப் பக்கம் ரங்கண்ணன் ஹார்ன ஒரு தடவ அமுக்குனாரு.

"சீக்கிரஞ் சொல்லுங்க சார். வெயில்ல நிக்குது, திரிஞ்சு போயிருமுங்க."